இரும்பு கண்டால் விழிக்கும்

காணிக்கைமேரிக்கு அந்த இயந்திரத்தைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. சுவரில் பதித்த கண்ணாடிக்குள் ஒரு பெண் முகம். நெற்றியில் பொட்டு, தலையில் மல்லிகைப்பூ, வாயைத் திறந்தால் தேன். பெயர் அமுதாவாம். இல்லாத தலைக்குப் பூ வைத்து அழகு பார்த்தவர்கள், இருக்கிற நோயாளிகள் உட்கார நாலு பெஞ்சு கூடுதலாகப் போட்டிருக்கலாம். தஞ்சாவூர் ரோட்டில் பளபளவென்று எழும்பியிருந்த அந்த ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை, உட்காரத்தான் இடமில்லை.

அவள் கணவன் இருதயராஜ் தூணில் சாய்ந்து நின்றான். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு மரியாதையாகப் போக வேண்டும் என்று அவள்தான் முழுக்கைச் சட்டையை மாட்டி, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டுவிட்டிருந்தாள். கை நிறைய இருந்த தீப்பொறித் தழும்புகள் சட்டைக்குள் போய்விட்டன. பார்க்கிறவர்களுக்கு ஏதோ தாலுகா ஆபீஸில் நாற்காலி தேய்க்கிற ஆள் மாதிரி இருந்தான்.

"வணக்கம் அம்மா. நோயாளியின் தொழில் யாது?" என்றது அமுதா.

"யாதா? கம்பெனி வேலை."

"நன்றி. நிறுவனப் பணி என்று பதிந்துகொண்டேன். புகைக்கும் வழக்கம் உண்டா?"

"புகைன்னா..." என்று இருதயராஜ் வாயெடுத்தான்.

"நீங்க சும்மா இருங்க, தொண்ட கட்டிக்கும். பீடி சிகரெட்டு தொட்டதில்லம்மா. மாதா மேல சத்தியம்."

"மாதா என்பவர் நோயாளியின் தாயாரா?"

"ஆமா, எனக்கும் தாயாருதான். எழுதிக்க."

இரும்புக் கம்பெனிகள் நிறைந்த அவர்களின் துவாக்குடியில் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. வெல்டருக்கும் கம்பெனி வேலை, ஃபிட்டருக்கும் கம்பெனி வேலை, நாள் முழுக்க கிரைண்டிங் மிஷினைப் பிடித்துக்கொண்டு இரும்பைத் தேய்க்கிற காணிக்கைமேரிக்கும் கம்பெனி வேலை. பெண் கேட்டு வருகிறவன் கம்பெனி வேலை என்றால் பெண்வீட்டார் அவன் கையைத்தான் பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் தொழில் தெரிந்தவன் என்று அர்த்தம். அமுதாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களோ கம்பெனி என்றால் ஏசி, சுழல் நாற்காலி, மத்தியானம் காபி என்று வளர்ந்தவர்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்ததை அது படித்தது. அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

டாக்டர் சம்யுக்தாவுக்குச் சின்ன வயது. நல்ல பெண்தான். நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் அமுதா தொகுத்துக்கொடுத்ததைப் பார்ப்பாள், அதன் பிறகு நோயாளியைப் பார்க்க அவளுக்கு அதிகம் மிச்சமிருக்காது. ஆனால் பேச ஆரம்பித்தால் புரியும்படி பேசினாள்.

"புது மருந்தும்மா. பேரு விழி. மண்ணுல ஒரு கிருமி இருக்கு. மத்த கிருமிகளக் கொல்றதுக்கு அது ஒரு விஷத்தச் சுரக்கும். அந்த விஷத்தத்தான் திருத்தி மருந்தாக்கியிருக்காங்க."

"கிருமி துப்புனத எங்க வீட்டுக்காரருக்குக் குத்தப் போறீங்க."

"அப்படியும் சொல்லலாம்." டாக்டர் சிரித்தாள். "இந்த மருந்து தனியா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. தூங்கிட்டே ரத்தத்துல போகும். இரும்பு கிடைச்சா நண்டு கொடுக்கால பிடிக்கிற மாதிரி கப்புன்னு பிடிச்சிக்கும். அப்பத்தான் முழிக்கும். பக்கத்துல ஆக்சிஜன் இருந்தா போதும், செல்லுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ.வ அறுத்துடும். டி.என்.ஏ.ங்கிறது ரெண்டு புரிக் கயிறு மாதிரி. ஒரு புரி அறுந்தா செல்லு முடிச்சுப் போட்டுக்கும். ரெண்டு புரியும் ஒரே இடத்துல அறுந்துட்டா முடிச்சுப் போட முடியாது. செல்லு செத்துப்போகும்."

"இரும்பும் ஆக்சிஜனும் சேந்து அறுக்குதுன்னா, தகடு அறுக்குற கேஸ் கட்டிங்குனு சொல்லிட்டுப் போங்க" என்றாள் காணிக்கைமேரி.

"நல்ல உதாரணம்" என்று டாக்டர் சந்தோஷப்பட்டாள். இந்த அம்மாவுக்கு கேஸ் கட்டிங் எப்படித் தெரியும் என்று மட்டும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. "கேன்சர் செல்லுங்க இரும்புக்குப் பேராசை பிடிச்சதுங்க. உடம்புல இருக்கிற இரும்பையெல்லாம் இழுத்துப் பதுக்கி வெச்சுக்கும். மருந்து அங்க போய்த்தான் முழிக்கும். பழைய மருந்து நுரையீரலக் கெடுத்துச்சு. இதுல அந்தப் பயமில்ல. சாதாரண நுரையீரல்ல அவ்வளவு இரும்பு இருக்காது."

"வேலைக்குப் போலாங்களா டாக்டர்?" என்று இருதயராஜ் கேட்டான்.

"தாராளமா. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான?"

"ஆமாங்க, உக்காந்துதான்" என்றான் அவன். பொய்யில்லை. அவன் உட்கார்ந்துதான் வேலை பார்த்தான், ஹைட்ரஜன் டாங்கிக்குள்.

அந்தக் கம்பெனியில் லாரி நீளத்துக்கு டாங்கி செய்தார்கள். டாங்கியின் வெளிப்பக்கத்தை ரோபோ வெல்டிங்கில் பற்ற வைக்கும். வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால் அதைத்தான் காட்டுவார்கள். ஆரஞ்சு நிறக் கை, நடனம் ஆடுகிற மாதிரி போய் வரும், கைதட்டுவார்கள். உள்பக்கத்துக்கு ஆள்தான். மேன்ஹோல் வழியாகத் தலையை முதலில் கொடுத்து, ஒரு தோளை ஒடுக்கி, மறு தோளைத் திருகி, பாம்பு மாதிரி உள்ளே இறங்க வேண்டும். ரோபோ அதற்குள் போகாது, போனாலும் சூட்டில் கெட்டுவிடும், விலை அதிகம். இருதயராஜ் கெட்டால் இன்னொரு இருதயராஜ் கேட்டில் நிற்பான். புகையை வெளியே இழுக்க எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதாகச் சொன்ன பொறியாளர் இப்போது வேறு கம்பெனியில் வேறு எதையோ வைப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மருந்து வேலை செய்தது. மூன்று ஊசியில் எலுமிச்சை நெல்லிக்காயாகிவிட்டது. இருதயராஜ் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு டாங்கிக்குப் போனான். வேலைக்குப் போனால்தான் பெயர் ஆள்கணக்கில் இருக்கும். பெயர் இருந்தால்தான் கம்பெனியின் வைத்தியக் கார்டு செல்லும். கார்டு செல்லுபடியானால்தான் ஊசி. காணிக்கைமேரி அதே கம்பெனிதான் என்றாலும் காண்ட்ராக்ட் ஆள். அவளுக்குக் கார்டு கிடையாது, டீ மட்டும் உண்டு.

பிறகு இருமல் வந்தது. வறட்டு இருமல். அமுதாவிடம் சொன்னதற்கு, வெந்நீர் குடிக்கவும் மனதை அமைதியாக வைத்துக்கொள்ளவும் சொன்னது. "ஒனக்கென்ன, நீ கண்ணாடிக்குள்ள இருக்க" என்று சொல்லிவிட்டு அவள் அவனைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்குள் அவன் உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி ஆகிவிட்டது.

நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக் கட்டிலில் போட்டதும் நர்ஸ் ஆக்சிஜன் முகமூடியைக் கொண்டுவந்து மாட்டினாள். அந்தப் படத்தைப் பார்த்த டாக்டர் சம்யுக்தா வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள்.

"குறைங்க! அத ரொம்பக் கம்மியா வைங்க சிஸ்டர்!"

"மூச்சு முட்டுது மேடம்."

"காத்து அதிகமாக் குடுத்தா இன்னும் அறுக்கும். குறைங்க!"

காணிக்கைமேரி டாக்டரின் கையைப் பிடித்தாள். "மூச்சு முட்டுறவருக்குக் காத்து குடுக்கக் கூடாதா? எந்த ஊரு வைத்தியம் இது?"

இருதயராஜின் சட்டைக் கையை நர்ஸ் ஊசிக்காக மேலே சுருட்டியிருந்தாள். அந்தக் கையைத்தான் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி புள்ளியாக, பழசும் புதுசுமாக, முழங்கை வரை.

"இது என்ன?"

"பொறி பட்டது."

"என்ன பொறி?"

"வெல்டிங் பொறிங்க. வேறென்ன பொறி, மத்தாப்பா?"

"இவரு வெல்டரா? நிறுவனப் பணின்னு இருந்துச்சே!"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? கம்பெனி வேலைன்னேன்."

"கம்பெனி வேலைன்னா..." டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "நீங்க தெளிவா வெல்டர்னு சொல்லியிருக்கணும்மா" என்றாள்.

"துவாக்குடில போயி கம்பெனி வேலைன்னு சொல்லிப் பாருங்க, நாயிக்குக் கூடப் புரியும். ஒங்க அமுதாவுக்குப் பூ வைக்கத் தெரியுது, இது தெரியல. சரி, அது மிஷினு. நீங்க அவரு கையப் பிடிச்சு நாடி பாத்திருந்தா ஒரு தழும்பாவது தட்டுப்பட்டிருக்கும். எத்தன ஊசி போட்டீங்க? ஒரு தடவ அந்தக் கையப் பாத்தீங்களா?"

டாக்டரின் முகம் சிவந்தது. சண்டைக்கு வருவாள் என்று காணிக்கைமேரி எதிர்பார்த்தாள். அவள் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படத்தைக் காட்டினாள். கறுப்பு நுரையீரலில் வெள்ளை வெள்ளையாகத் தூவினாற்போல் இருந்தது.

"அத்தனையும் இரும்புத் தூசி. வெல்டிங் புகையில வர்றது. இத்தன வருஷமா உள்ள படிஞ்சிருக்கு. சும்மா படிஞ்சிருந்தா ஓரளவு தாங்கும். நாங்க விழியக் குடுத்துட்டோம். அது கட்டியிலயும் முழிச்சிருக்கு, இங்கயும் முழிச்சிருக்கு. நல்ல செல்லையும் அறுக்குது. நுரையீரல்ல ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்ல."

"எழுப்பி விட்டத மறுபடி தூங்க வைக்க முடியாதா?"

"இரும்பப் பிடுங்கிட்டா தூங்கிடும். அதுக்கு ஒரு கழுவு மருந்து இருக்கு. அது இரும்பப் பிடிச்சு மூத்திரத்துல வெளிய கொண்டுபோயிரும். ஆனா கட்டியிலயும் விழி தூங்கிடும். கட்டி மறுபடி வளரலாம்."

"மூச்சா, கட்டியான்னு கேக்குறீங்க."

"ஆமா."

"மூச்சு இருந்தாத்தான கட்டிக்கு அழலாம். கழுவுங்க."

கழுவினார்கள். நாலைந்து வாரம் ஊசி, குழாய், மூக்கு வழியாக மருந்துப் புகை. இருதயராஜின் மூத்திரம் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி சிவப்பாக இறங்கியது. "பாத்துக்க, கம்பெனி சொத்து வெளிய போவுது. கேட்டுல செக்யூரிட்டி பாத்தா பிடிச்சுக்குவான்" என்றான் அவன். ஆள் பேசுகிறான் என்பதிலேயே அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் இரண்டு விஷயம் சொன்னாள். நுரையீரலில் தழும்பு விழுந்தது விழுந்ததுதான், ஆனால் இரும்பு போய்விட்டது. கழுவு மருந்து உடம்பைவிட்டு முழுக்க நீங்கினதும் விழியை மறுபடி தொடங்கலாம், கட்டியைக் கரைத்துவிடலாம். ஒரே நிபந்தனை: இனி ஒரு நாள் கூட வெல்டிங் புகைக்குள் போகக் கூடாது.

"அப்ப இவரு பேரு ஆள்கணக்குல இருக்காது. கார்டு செல்லாது. ஊசிய யாரு போடுவா?" என்று காணிக்கைமேரி கேட்டாள்.

டாக்டர் சன்னலைப் பார்த்தாள். படித்தவர்கள் பதில் இல்லாத கேள்விக்குச் சன்னலைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு வாரத்தில் கம்பெனி சூப்பர்வைசர் தனபால் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். தனபால் ஆப்பிளோடு வந்தால் வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டும்.

"இருதயம், ஒன்னாலதான்யா கம்பெனிக்கே விடிவு காலம்! ஒன் கேசு ஆஸ்பத்திரி மூலமா மேனேஜ்மெண்டு காதுக்குப் போயிருக்கு. எம்.டி. ஒரே பிடியா நின்னுட்டாரு. இனிமே எந்த வெல்டருக்கும் இந்தக் கஷ்டம் வரக் கூடாதுன்னு."

"எக்ஸாஸ்ட் ஃபேன் வெக்கிறாங்களாண்ணே?" என்றாள் காணிக்கைமேரி.

"அட ஃபேன் என்னம்மா ஃபேனு, பழைய காலத்துல பேசிக்கிட்டு! கழுவு மருந்து. கம்பெனியிலயே ரூம் போட்டாச்சு. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சா ஆளுக்கு ஒரு ஊசி. வாரம் முழுக்க உள்ள போன இரும்பு சனிக்கிழமை வெளிய. திங்கக்கிழமை ஆளு புத்தம் புதுசு. ஒரு டாங்கிக்கு ஃபேன் மாட்டுற செலவுல வருஷம் பூரா அம்பது பேரக் கழுவிரலாம்."

"பாத்திரத்தக் கழுவுற மாதிரி."

"ஆங், அதேதான்!" என்றார் தனபால். அவருக்கு அது பாராட்டாகக் காதில் விழுந்தது.

தனபால் சொல்லாத மிச்சத்தை அவள் கம்பெனியில் கண்ணால் பார்த்தாள். அந்த மருந்துக்குப் புகையில் வந்த இரும்பு எது, சோற்றில் வந்த இரும்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தில் இருந்ததையும் சேர்த்து உருவியது. இரண்டு மாதத்தில் வெல்டர்கள் எல்லோரும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போனார்கள். ரஹமத்துல்லா டாங்கிக்குள் மயங்கி விழுந்து, காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உடனே கம்பெனி அதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தது. திங்கட்கிழமை காலை கேட்டில் ஆளுக்கு ஒரு இரும்புச் சத்து மாத்திரை.

"சனிக்கெழம எடுக்குறான், திங்கக்கெழம குடுக்குறான். ஞாயித்துக்கெழம எங்க வெச்சிருப்பான், பேங்குலயா?" என்று ரஹமத்துல்லா கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே இரண்டு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

மயங்கி விழுந்தவர்களில் பலர் நின்றுவிட, டாங்கிக்குள் இறங்க ஆள் போதவில்லை. தனபால் மறுபடி வந்தார். இந்த முறை ஆப்பிள் இல்லை, தேதி இருந்தது. மாதக் கடைசிக்குள் இருதயராஜ் வரவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அவர் போனதும் இருதயராஜ், "போயிட்டு வந்துர்றேன். அதான் கழுவுறாங்கல்ல" என்றான்.

"கழுவுறது சனிக்கெழம. விழி ஒடம்புக்குள்ள இருக்கப் போறது ஏழு நாளும். செவ்வாக்கெழம நீ இழுத்த புகையப் பாத்து அது முழிச்சுக்கிச்சுன்னா, கொஞ்சம் பொறுப்பா, சனிக்கெழம வரட்டும்னு சொல்லுவியா?"

கோபம் வந்தால்தான் அவள் அவனை நீ என்பாள்.

"போகலன்னா கார்டு போயிரும். கட்டி வளரும்."

"தெரியும்."

"அப்ப என்னதான்டி பண்றது?"

அவள் எழுந்து போய் அவனுடைய தோல் கையுறையை எடுத்துத் தன் கையில் மாட்டிப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. விரல் நுனியில் துணி அடைத்தால் சரியாகும்.

"வெல்டரோட கார்டுல பொண்டாட்டிக்கு வைத்தியம் உண்டுன்னா, புருஷனுக்கும் உண்டுதான?"

அவன் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்தினான். கத்த மூச்சில்லாமல் இருமினான். "ஒனக்கென்ன கிறுக்கா? நான் வெந்தது போதாதா?"

"ஒனக்குக் கட்டி இருக்கு, விழி போடணும். எனக்குக் கட்டி இல்ல. வெறும் இரும்பு எனக்குள்ள போனா தூங்கிட்டுக் கெடக்கும். டாக்டரம்மாவே சொன்னா, ஓரளவு தாங்கும்னு. அந்த ஓரளவு எவ்வளவுன்னு நான் பாத்துக்குறேன். இருபது வருஷமா நீ பத்த வெச்சதத் தேச்சிருக்கேன். எது நல்ல ஜாயின்ட்டு, எது ஓட்டைன்னு எனக்குத் தெரியாதா? ஆளு வராத நாள்ல தகடு நகராம பொட்டுப் பொட்டா டாக் அடிச்சதும் நான்தான?"

கம்பெனிக்குப் பின்னால் கழிவுத் தகடு கொட்டுகிற வெளியில் அவள் பழகினாள். இருதயராஜ் காற்றுக்கு எதிர்ப்பக்கம் வெகுதூரம் தள்ளி, புகை எட்டாத இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து ஜாயின்ட் தெரியாது. சத்தம்தான் கேட்கும். அப்பளம் பொரிகிற மாதிரி சீராகக் கேட்டால் தலையாட்டுவான். படபடத்தால், "கிட்டப் புடிடீ!" என்று கத்துவான்.

"கத்தாதீங்க, அந்த மூச்சச் சேத்து வைங்க!" என்று அவளும் கத்துவாள். தகடு பொறுக்க வந்த பெண்கள், இது என்ன குடும்பச் சண்டை, நடுவில் இவ்வளவு தூரம் விட்டுக்கொண்டு போடுகிறார்கள் என்று பார்த்துப் போனார்கள்.

கம்பெனி வைத்த டெஸ்ட்டில் அவள் பற்ற வைத்த தகட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். குறை இல்லை. காண்ட்ராக்டிலிருந்து அவள் பெயர் ஆள்கணக்குக்கு ஏறியது, கையில் கார்டும் வந்தது. தனபாலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெண் வெல்டர் என்று அவளை ஆரஞ்சுக் கைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள், கம்பெனி பெண்களை உயர்த்துகிறது என்று எங்கேயோ போட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. படம் பிடித்தவனே பிறகு அவள் முகத்தில் சிரிப்பை வரைந்துகொண்டான். ஆள் சின்ன உடம்பு, மேன்ஹோலில் தோளை ஒடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்பதுதான் தனபாலுக்கு உண்மையில் பிடித்திருந்தது.

டாங்கிக்குள் முதல் நாள் இறங்கியபோது அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நிமிர்ந்து உட்கார முடியாத இடம். பற்ற வைத்ததும் புகை மேலே போய், போக வழி இல்லாமல் முட்டி, திரும்ப அவள் முகத்துக்கே வந்தது. மூக்கில் கட்டிய துணி சாயங்காலம் கறுப்பாக இருந்தது. இந்த மனிதன் இதற்குள் இருபது வருஷம் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, ரசத்தில் உப்பு குறைவு என்று மட்டும்தானா குறை சொன்னான்?

சனிக்கிழமை கழுவும் அறையில் வரிசை நின்றது. அவளைப் பார்த்ததும் ரஹமத்துல்லா நகர்ந்து இடம் விட்டான். "அக்கா, நீங்க முன்னாடி போங்க. லேடீஸ் ஃபர்ஸ்ட்டு."

"பந்தியா வெச்சிருக்காங்க? முன்னாடி போனா பாயசம் கெடைக்குமா?" என்றபடி போய் உட்கார்ந்தாள்.

செல்போன் அடித்தது. டாக்டர் சம்யுக்தா.

"அம்மா, இவருக்கு இன்னைக்குக் காலையில விழி போட்டாச்சு. இப்பத்தான் படம் எடுத்துப் பாத்தேன். நுரையீரல்ல ஒரு பொட்டு இரும்பு இல்ல. மருந்து கட்டியில மட்டும்தான் வேலை செய்யுது. நல்லா மூச்சு விடுறாரு. தூங்குறாரு." பிறகு, "நானே கையப் பிடிச்சுப் பாத்தேன்" என்றாள்.

"சரி டாக்டரம்மா."

"நீங்க ஏன் கூட வரல? எங்க இருக்கீங்க?"

காணிக்கைமேரி பதில் சொல்ல வாயெடுத்து இருமினாள். சாதாரண இருமல்தான், தொண்டையில் புகை. அந்தப் பக்கம் டாக்டர் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வேலைல இருக்கேன். அவரு எழுந்திரிச்சா ரசஞ்சாதம் குடுக்கச் சொல்லுங்க. உப்பு பாத்துப் போடச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஊசி போடும் பெண் பஞ்சை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எந்தக் கையிலக்கா போடட்டும்?"

"எடது கைல குத்து" என்றாள் காணிக்கைமேரி. "வலது கைக்கு நாளைக்கு ஓவர்டைம் இருக்கு."